மேரி வீட்டுப் பலகாரப் பலகை

டப்பாவில் இருக்கும்வரை முறுக்கு நொறுங்குகிறது. அதே முறுக்கை எடுத்துப் பலகையில் அடுக்கி மூடிவைத்தால் நமத்துப்போகிறது. டப்பாவும் மூடித்தான் இருக்கிறது, பலகையும் மூடித்தான் இருக்கிறது. அப்புறம் பலகைக்கு மட்டும் என்ன வந்தது?

ஆம்பூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஆரோக்கியமேரி மூன்று கிறிஸ்துமஸாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தாள். உப்பு போட மறந்தால் குழம்பு சொல்லிவிடும். எண்ணெய் பழையது என்றால் மூக்கு சொல்லிவிடும். இந்த முறுக்கு மட்டும் எதையும் சொல்வதில்லை. சுட்டெடுத்த அன்று கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். டப்பாவில் ஒரு வாரம் கிடந்து கடித்தாலும் கேட்கும். பலகையில் ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டால் போதும், வாய்க்குள் போனதும் தோல் வார்போல வளைந்துகொடுக்கும்.

பலகை அவள் மாமியார் காலத்தது. பலா மரம். ஓரம் நாலு பக்கமும் விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். வருஷம் முழுக்கப் பரண்மேல் தூங்கும் அதைக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் இறக்கித் தேய்த்து வெயிலில் சாய்த்துவைப்பார்கள். கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை அதன்மேல் விரித்துப் பலகாரங்களை அடுக்குவார்கள். நடுவில் ஆற்காட்டு மக்கன் பேடா, பாகில் ஊறிப் பளபளவென்று. அதற்கு ஒரு பக்கம் கேக், மறுபக்கம் அதிரசம். இரண்டு ஓரங்களிலும் முறுக்கும், பொடிப்பொடியாகப் பொரித்த கலகலாவும், அச்சுமுறுக்கும். அடுக்கி முடித்ததும் மேரி ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். மலையேறி நின்று ஊரைப் பார்ப்பதுபோல இருக்கும். பேடாக்கள் மழைக்குப்பின் மின்னும் ஓட்டுக்கூரைகள். கலகலாக் குவியல் பாலாற்று மணல். முறுக்குகள் யாரோ அவிழ்த்துவிட்டுப் போன வண்டிகளின் சக்கரங்கள். அந்த ஊரில் அவளுக்கு எல்லாரையும் தெரியும்.

பலகைக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் காலையில் பூசைக்குக் கிளம்பும் முன் அது நிறைந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்து, மூடி, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு முன்னால் இருத்திவிட்டுத்தான் வாசற்படி தாண்ட வேண்டும். பூசை முடிந்து திரும்பும்போது விருந்தாளிகளும் கூடவே வருவார்கள். ஒரு ஜெபம். பிறகு மூடியை எடுப்பது. கோயிலிலிருந்து வந்தபின் ஒரு பலகாரம்கூடப் புதிதாகக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. "நிறைஞ்ச வூட்ட வுட்டுட்டுக் கோயிலுக்குப் போவணும், நிறைஞ்ச வூட்டுக்குத் திரும்பி வரணும்" என்பது மாமியார் வாக்கு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு பலகை மேரியின் கைக்கு வந்தது. முறுக்கு நமத்துப்போவதும் அந்த வருஷத்திலிருந்துதான்.

போன கிறிஸ்துமஸை நினைத்தால் இப்போதும் அவள் காது சூடாகிவிடும். ஜெபம் முடிந்தது, மூடியை எடுத்தாள், ஆளுக்கொரு முறுக்கை எடுத்துக் கடித்தார்கள். இத்தனை பேர் முறுக்கு தின்கிற கூடத்தில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

அவள் புருஷன் சூசையின் அக்கா சவுரியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லப்பா. முன்பல்லு ரெண்டு போனதிலேர்ந்து மேரி சுடற முறுக்குதான் எனக்குத் தோதா இருக்குது."

கூடம் சிரித்தது. மேரி உள்ளே ஓடி டப்பாவை எடுத்துவந்தாள். "இதைக் கடிச்சுப் பாருங்க அண்ணி. ஒரே மாவு, ஒரே ஈடு. இது எப்படி இருக்குது பாருங்க."

சவுரியம்மாள் கடித்தாள். படபடவென்று நொறுங்கியது. "நல்லாத்தான் இருக்குது," என்றாள் அவள். "அதுக்கு இன்னா பண்றது? வர்றவங்களைப் பலகைக்குப் பதிலா டப்பா முன்னாடி உட்கார வைப்பியா?"

எல்லாரும் போன பிறகு சவுரியம்மாள் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "ஞாயமா கேளு மேரி. மூணு வருஷம் பார்த்துட்டேன். வர்ற வருஷமும் இப்படின்னா பலகை என் வூட்டுக்கு வரட்டும். எனக்கு மருமகளுங்க ரெண்டு பேர் இருக்காங்க, வேலைக்குக் கை ஜாஸ்தி. எங்கம்மா பலகையைப் பார்த்து ஜனங்க சிரிக்கக் கூடாது."

"அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பித்த சூசை, மேரியின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

பலகை போனால் கூட்டமும் போகும். மேரிக்கும் சூசைக்கும் பிள்ளை இல்லை. மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். அந்த ஒரு காலையில்தான் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. யார் யார் பெற்ற குழந்தைகளோ கட்டிலுக்கு அடியில் புகுந்து புறப்படும். எல்லாரும் போன பிறகும் சில நாளைக்கு அந்த இரைச்சல் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதாக மேரிக்குத் தோன்றும். அடுப்பில் உலை கொதிக்கும்போது நின்று அதைக் கேட்பாள். பலகை சவுரியம்மாள் வீட்டுக்குப் போய்விட்டால், அவளும் சூசையும் அங்கே விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து தின்றுவிட்டு, இங்கே வந்து பூட்டைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் கிறிஸ்துமஸ்.

ஆகவே இந்த எண்பத்திரண்டாம் வருஷம் டிசம்பர் பிறந்ததுமே மேரி முறுக்கு அச்சைக் கையில் எடுத்தாள்.

அதுவரை அவள் செய்தது ஒன்றுதான்: மாவைச் சந்தேகப்பட்டது. ஒரு வருஷம் வெண்ணெயைக் கூட்டினாள். ஒரு வருஷம் அரிசியை மாற்றினாள். மூடியையும் மாற்றினாள். மாமியார் பழைய மெல்லிய மல் சேலை ஒன்றைத்தான் மேலே போர்த்துவார். மார்கழிப் பனி புகுந்துவிடுகிறது என்று மேரி முதல் வருஷமே அதை எடுத்துவிட்டு, சூசை தோல் தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கிவந்த கனத்த பிளாஸ்டிக் தாளைப் போட்டாள். அடுத்த வருஷம் ஓரங்களைச் செருகினாள். மூன்றாம் வருஷம் சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கினாள். இறுக்க இறுக்க முறுக்கு இன்னும் மோசமாக நமத்தது. இதுதான் அவளைத் தூங்கவிடாத இடம். கதவைச் சாத்தச் சாத்த வீட்டுக்குள் மழை பெய்தால் என்ன அர்த்தம்?

இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று முடிவு செய்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பது. முதலில் பிளாஸ்டிக். அது வியர்க்கிறதோ என்று சந்தேகம். நாலு முறுக்கை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிவைத்து, வேலைக்குப் போய்த் திரும்பி அவிழ்த்துக் கடித்தாள். நொறுங்கியது. பிளாஸ்டிக்மேல் குற்றமில்லை. அடுத்து பலகை. மரம் ஈரம் வைத்திருக்கலாம். பலகைமேல் முறுக்கு மட்டும் வைத்து மூடினாள். அதுவும் நொறுங்கியது. பனியை விசாரிக்க ஒரு முறுக்கை நூலில் கோத்து ஜன்னலில் விடிய விடியத் தொங்கவிட்டாள். காலையில் அது வெள்ளைப் பனிக்குள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கடித்தால் கொஞ்சம் சோர்ந்திருந்தது, அவ்வளவுதான். திறந்து கிடந்த முறுக்கே இவ்வளவுதான் சோர்கிறது. கயிறு போட்டுக் கட்டியது தோல் வாராகிறது.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா இதற்கெல்லாம் சாட்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். மேரி இந்தப் பக்கம் நின்று நீட்டினால் அவள் அந்தப் பக்கம் நின்று கடித்துத் தீர்ப்புச் சொல்வாள்.

"நசீமா, யார்மேலயும் தப்பு இல்ல. ஆனா முறுக்கு நமுத்துப்போவுது."

"எங்க வூட்டுப் பசங்க கதைதான்," என்றாள் நசீமுன்னிசா, இன்னொரு முறுக்குக்குக் கை நீட்டிக்கொண்டே. "யாரைக் கேட்டாலும் நான் இல்லம்மான்னுதான் சொல்வான். பானை மட்டும் உடைஞ்சு கெடக்கும். தனித்தனியா வச்சா ஒவ்வொண்ணும் தங்கம். ஒண்ணா சேர்ந்தாதான் பேஜார்."

மேரி சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்தப் பேச்சு பாதித் தூரம் தன் கூடவே நடந்துவருவதுபோல உணர்ந்தாள். ஆனால் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

தெரிந்தது அந்தத் தோல் தொழிற்சாலையில்தான். மேரி அங்கே தோலுக்கு மெருகேற்றும் பகுதியில் வேலை செய்தாள். பதனிட்டுக் காயவைத்த தோல் அப்பளம்போல விறைப்பாக இருக்கும். அதை அப்படியே மெஷினில் கொடுத்து அடித்தால் வெடித்துவிடும். அடிப்பதற்கு முன் அதற்கு ஒரு மென்மை வரவேண்டும், ஆனால் நனைந்துவிடவும் கூடாது. அதற்காகத் தோல்மேல் தண்ணீரை லேசாகத் தெளித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சுற்றிலும் செருகி, மறுநாள்வரை சும்மா விட்டுவிடுவார்கள். ஓரிடத்தில் அதிகமாக விழுந்த தண்ணீரும், ஓரிடத்தில் விழாமல் போனதும், விடிவதற்குள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளும். காலையில் எல்லாத் தோலும் ஒரே பதமாக இருக்கும். அந்த அடுக்கை மூடுவதும் திறப்பதும் மேரியின் வேலை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வாரம். கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கி, தூசியில் ஆடிக்கொண்டிருந்தது. மேரி ஓர் அடுக்கின் பிளாஸ்டிக்கை உரித்தாள். நடுவில் ஒரு தோல் வேறு நிறமாக இருந்தது. மேஸ்திரி சர்தார் பாஷா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது வேற லாட்டு. காய்ஞ்ச சரக்கு, பேக்கிங்குக்குப் போவ வேண்டியது. யாரு இதை இங்க வச்சது?"

"தெரியலையே மேஸ்திரி. நேத்து அவசரத்துல வந்துட்டிருக்கும்."

அவர் அதன் ஓரத்தைப் பிடித்து மடக்கினார். துணிபோல மடங்கியது. "போச்சு. மத்தது மாதிரியே ஆயிடுச்சு. மறுபடியும் காய வைக்கணும்."

"இதுமேல யாரும் தண்ணி தெளிக்கலையே," என்றாள் மேரி.

"தெளிக்கணுமா இன்னா? ஈரத்துக்குப் பக்கத்துல வச்சு மூடுனா போதும். காய்ஞ்சது குடிச்சிக்கினே இருக்கும். ரெண்டும் ஒண்ணாவற வரைக்கும் வுடாது. இது உனக்குத் தெரியாதா, எத்தினி வருஷமா இதே வேலையைப் பண்ற?"

தெரியும். கைக்கு நன்றாகத் தெரியும். அவள் பிளாஸ்டிக் தாளைக் கையில் பிடித்தபடி நின்றாள். வெளிச்சத் தூண்கள் மெல்ல நகர்ந்தன. தாளின் உள்பக்கத்தில் பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. அதே கனம், அதே தாள். ஓரங்களைச் செருகுவதும் அதே மாதிரி. விறைப்பான ஒன்றை மென்மையாக்குவதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் மூன்று வருஷமாகத் தன் முறுக்குக்கு அவள் ஒழுங்காகச் செய்துவந்திருக்கிறாள். வேலை சுத்தம். மேஸ்திரி பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

"இன்னா மேரி, தானா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. எங்க வூட்டு முறுக்கைப் பதம் போட்டுக்கினு இருந்திருக்கேன்."

சர்தார் பாஷாவுக்கு இது விளங்கவில்லை. அவர் அடுத்த அடுக்குக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் மேரி அந்தக் காட்சியைக் கண்ணுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தாள். முறுக்கு மாவில் தண்ணீர் இருக்கிறது. எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர்தான் குமிழி குமிழியாக ஓடிப்போகிறது. குமிழி அடங்கினால் முறுக்கு வெந்தது என்று கணக்கு. தண்ணீர் இருந்த இடமெல்லாம் காலி. ஆக, முறுக்கு என்பது பொடிப்பொடி அறைகள் கொண்ட ஒரு வீடு. எல்லா அறையும் காலி, சுவரெல்லாம் காய்ந்த சுவர். கடித்தால் அந்தச் சுவர்கள் உடைகிற சத்தம்தான் நமக்குக் கேட்பது. இந்தப் பக்கம் மக்கன் பேடா. பாகு குடித்து, கதவு ஜன்னல் எல்லாம் நிறைந்து வழிகிற வீடு. கேக்கும் அதிரசமும் அதற்குச் சொந்தக்காரர்கள். இரண்டையும் ஒரே கூரைக்குள் போட்டுக் கயிறு கட்டினால் என்ன ஆகும்? பேடாவிலிருந்து ஈரம் எழுந்து, கண்ணுக்குத் தெரியாமல், அவசரமில்லாமல், துணிமேல் நடந்து, முறுக்கின் காலி அறைகளில் ஒவ்வொன்றாக நுழைந்து உட்காரும். வெளியே போக வழியில்லாததால் எல்லாம் அங்கேதான் போகும். எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம்.

தனித்தனியாக வைத்தால் தங்கம். நசீமுன்னிசா சொன்னது அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

மாமியார் காலத்துக் கணக்கும் இப்போது நேரானது. அப்போது கேக் கிடையாது, பேடா கிடையாது. அதிரசம் ஒன்றுதான் ஈரம். அதன்மேலும் மல் சேலைதான். ஈரம் எழுந்தால் சேலை வழியாகக் கூடத்துக்குள் கலைந்து போய்விடும். மாமியார் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை. இதைச் சவுரியம்மாளிடம் சொல்ல முடியாது என்பது வேறு.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை. பேடாவைப் பலகையில் வைக்காமலே விட்டுவிடலாம்தான். ஆனால் அதை வருஷாவருஷம் ஆற்காட்டிலிருந்து வாங்கிவருவது சூசையின் சிநேகிதர், மேல்விஷாரத்து அப்துல் ஹமீத். பஸ்ஸில் மடிமேல் வைத்துச் சாயாமல் கொண்டுவருவார். தன் பேடா பலகையின் நடுவில் இருக்கிறதா என்று அவர் கண் முதலில் தேடும். முறுக்கைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கலாம் என்றால் வழக்கம் விடாது. எல்லாமே பலகைமேல் இருக்க வேண்டும், பூசைக்கு முன்பே இருக்க வேண்டும், ஒன்றோடொன்று சேராமலும் இருக்க வேண்டும்.

"மூடி போட்ட கிண்ணத்துல பேடாவை அடைச்சிடு," என்றாள் நசீமுன்னிசா. அவளிடம் பெரிய பீங்கான் கிண்ணம் இருந்தது, மூடியோடு. "மூடி ஓரத்துல சந்து கீதுன்னா மைதா மாவைப் பிசைஞ்சு ஒட்டு. பிரியாணிக்கு தம் போடறோமே, ஒரு பொட்டு ஆவி வெளியே வருதா?"

நல்ல யோசனை என்றுதான் பட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், ஓர் ஆழாக்குப் பாகைக் கிண்ணத்தில் ஊற்றி, மூடியைப் போட்டு, சுற்றிலும் மாவை அப்பி, பலகைமேல் முறுக்குகளின் நடுவில் வைத்து, பிளாஸ்டிக்கால் மூடினாள். ஒரு பொழுது கழித்துத் திறந்து இருவரும் கடித்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம் பிரியாணி மாதிரியே இருக்குது," என்றாள் நசீமுன்னிசா. "பதமா, மெதுவா."

"ஆவி எங்கேர்ந்து வந்திருக்கும்? மூடி அசையவே இல்ல."

மேரி மாவைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு. ஒட்டும்போது விரலில் ஒட்டியது, இப்போது மேல்தோல் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. உள்ளே இருந்த ஈரத்தைத் தடுக்க வெளியே ஓர் ஈரத்தை உட்காரவைத்தாயிற்று. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மேரி நாளை எண்ணிப் பார்த்தாள். மிச்சம் ஒரு நாள்தான்.

அன்று அவள் வாசலில் நட்சத்திரக் கூட்டைக் கட்டும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சூசை முக்காலியைப் பிடித்திருந்தான். ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது, நட்சத்திரம் லேசாக ஆடியது.

"ஏன் மேரி, பேடாவை எதுக்கு அடைக்கணும்?" என்றான் சூசை, மேலே பாராமலே. "ஈரம்தான போவுது, எங்கனா போவட்டுமே. கூடம் எம்மாம் பெருசு கீது."

மேரியின் கை நின்றது. ஓடுகிற ஈரத்தைப் பிடித்து அடைக்கத்தான் அவள் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாள். அடைக்க வேண்டியது பேடாவை இல்லை, முறுக்கை. ஈரத்துக்குக் கூடம் முழுக்கத் திறந்துவிடலாம். எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளட்டும், ஒரு வாசல் மட்டும் சாத்தியிருந்தால் போதும்.

"இன்னாங்க, முதல்லயே இதைச் சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேட்டியா?" என்றான் சூசை.

கிறிஸ்துமஸ் விடியலில் பனி கெட்டியாக இறங்கியிருந்தது. தோல் பட்டறைகளில் பதனிடும் மரப்பட்டையின் வாசனை அதில் ஊறி நின்றது. கூடத்தில் ஒற்றை பல்பின் கீழே மேரி பலகையை நிரப்பினாள். ஹமீத் முந்தின நாள் கொண்டுவந்த பேடா நடுவில். கேக், அதிரசம் இரண்டு பக்கமும். அவற்றின்மேல் மட்டும் மாமியாரின் மல் சேலை, நன்றாகக் காயவைத்தது. ஓரங்களில் முறுக்கு, கலகலா, அச்சுமுறுக்கு. அந்தந்தக் குவியலுக்கு அடியிலும் மேலுமாகப் பிளாஸ்டிக், வாய் திருகி நூல் போட்டு இறுக்கிக் கட்டியது. பார்க்க அழகாக இல்லை. பாதி ஊருக்குப் பனி இறங்கினதுபோல, பாதி ஊருக்குக் கண்ணாடி போட்டதுபோல இருந்தது.

"ஒரே மூடியா மூடலையே," என்று தயங்கினான் சூசை.

"மூடணும்னுதான் அத்தை சொன்னாங்க. ஒரே மூடியால மூடணும்னு சொல்லல."

பூசையில் அவள் மனசு அங்குமிங்கும் மிதந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவே, பூட்டிய வீட்டுக்குள் பேடாவிலிருந்து ஈரம் எழுவது தெரிந்தது. அது சேலையின் நூல்களுக்கிடையே நுழைந்து, மேலே வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்க்கிறது. குடிலில் இருக்கும் வைக்கோலைத் தொடுகிறது. நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. முறுக்கின் கதவைத் தள்ளிப் பார்க்கிறது. கதவு திறக்கவில்லை. சரி என்று ஜன்னல் வழியாகப் பனியோடு சேரப் போய்விடுகிறது. மணி அடித்தபோது அவள் எல்லாரையும்விட ஒரு கணம் தாமதமாக முழங்காலிட்டாள்.

திரும்பி வந்தபோது வாசலில் செருப்பு விட இடமில்லை. சவுரியம்மாள் மருமகள்களோடு வந்திருந்தாள், கையில் ஒயர் கூடை. கூடைக்குள் ஒரு டப்பா.

"அது இன்னாக்கா?" என்றான் சூசை.

"ஒண்ணுமில்லடா. வூட்ல சுட்ட முறுக்கு. இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். பல்லு இருக்கறவங்களுக்கு."

ஜெபம் முடிந்தது. மேரி சேலையை எடுத்தாள். பேடா பளபளத்தது, மூலையில் ஹமீத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு நூல்களை அவிழ்த்தாள். ஒரு முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தாள். பிளாஸ்டிக்கை உருவியதும் நெய்யும் எள்ளும் மணத்தன. பலகை ஒரே ஊராயிற்று.

சவுரியம்மாள் குனிந்து ஒரு முறுக்கை எடுத்தாள். முன்பல் இல்லாததால் கடைவாய்க்குக் கொண்டுபோனாள்.

சத்தம் கூடத்தின் மறுகோடிவரை கேட்டது. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குழந்தை தலையை நீட்டிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் எல்லாரும் கடித்தார்கள், கூடம் முழுக்கச் சுள்ளி ஒடிப்பதுபோல இருந்தது. சுவர்க்கடிகாரம் ஓடிற்றா நின்றதா என்று யாருக்கும் தெரியாது. நசீமுன்னிசா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால்கூடக் கேட்டிருக்கும். ஆனால் அவள் இங்கேதான் இருந்தாள், இரண்டு கையிலும் முறுக்கோடு.

சவுரியம்மாள் மென்று விழுங்கினாள். இரண்டாவது முறுக்கை எடுத்தாள். அதையும் முடித்துவிட்டு, கூடையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "பலகை ஓரம் கொஞ்சம் தேய்ஞ்சிருக்குது," என்றாள். "பரண்ல ஏத்தறப்ப பார்த்து ஏத்துங்க. வர்ற வருஷத்துக்கு வேணும்."

மேரி அடுக்களைப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பின்னாலேயே சவுரியம்மாளும் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னா பண்ணின? மாவை மாத்தினியா?"

"மாவு அதேதான் அண்ணி. மூடறதைத்தான் மாத்தினேன்," என்றாள் மேரி. "பேடா, கேக், அதிரசம் இதெல்லாம் ஈரம். அதுக்குக் காய்ஞ்ச மல் துணி போதும், ஈரம் காத்துல போயிடும். முறுக்கு, கலகலா காய்ஞ்சது. அதைத் தனியா பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டணும், ஆளுங்க வந்து உட்கார்ந்த பிறகுதான் அவிழ்க்கணும். ஈரத்தையும் காய்ஞ்சதையும் ஒரே மூடிக்குள்ள வைக்கக் கூடாது."